‘குடும்பத்தில் ஒருத்தி’ என்றால் போதுமா? வீட்டு வேலையின் சம்பளமும் மரியாதையும்

தாமானில் இருக்கும் ஒரு மளிகைக் கடையில் சாமான் அடுக்கும் பெண்ணுக்கு மாதம் 1,700 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பளம் கொடுத்தால் அது குற்றம். 2025 ஆகஸ்டு 1 முதல், ஒரே ஓர் ஆள் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்துகிறது. அதே கடைக்காரரின் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பெண்ணுக்கு 700 வெள்ளி கொடுத்தால்? அதைத் தடுக்கும் விதி சட்டத்தில் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக நடப்புக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை வீட்டுப் பணியாளர்கள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

பணிப்பெண் என்றதும் இந்தோனேசியப் பெண்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். ஆனால் நம் சமுதாயம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பணிப்பெண் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. காலையில் பேருந்து ஏறி இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்துவிட்டு மாலையில் அடுக்குமாடி வீடு திரும்பும் தமிழ்ப் பெண்களும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்தபோது பால்வெட்டுத் தவிர வேறு தொழில் தெரியாதவர்களாய் வந்தவர்கள் பலர். இரு தரப்புக்கும் சட்டம் என்ன சொல்கிறது, கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

யாரெல்லாம் வீட்டுப் பணியாளர்?

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. தனியார் குடியிருப்பு வீட்டின் வேலைக்காக அமர்த்தப்படுபவர் வீட்டுப் பணியாளர். சமையல்காரர், பிள்ளை பார்ப்பவர், துணி துவைப்பவர், தோட்டவேலை செய்பவர், வீட்டுக் காவலாளி, சொந்தக் கார் ஓட்டும் டிரைவர் எல்லாரும் இதில் அடக்கம். ஆண்களும் உண்டு.

அதே விளக்கத்தில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வேலை முதலாளியின் வியாபாரத்தோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். காலையில் வீட்டைப் பெருக்கிவிட்டு மத்தியானம் முதலாளியின் உணவகத்தில் தட்டுக் கழுவும் பெண், அந்த நேரத்துக்கு வீட்டுப் பணியாளர் அல்ல. வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் அது அவருடைய பெர்மிட்டுக்கும் மாறானது. ‘சும்மாதானே இருக்கிறாள், கடைக்கு வந்து ஒரு கை கொடுக்கட்டும்’ என்பது நம்மிடையே சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. சட்டப்படி அது சாதாரணமல்ல.

சட்டம் கொடுப்பதும் கொடுக்காததும்

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் ஒரு சொல் மாறியது. அதுவரை ‘வீட்டு வேலைக்காரர்’ என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு, ‘வீட்டு ஊழியர்’ என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார்கள். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் அதே திருத்தம் மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வாரம் 45 மணி நேர வரம்பும், 98 நாள் பிரசவ விடுப்பும் இவர்களுக்கு வரவில்லை. வார ஓய்வு நாள், பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, மிகைநேரச் சம்பளம், வேலைநிறுத்த இழப்பீடு ஆகிய பகுதிகளிலிருந்தும் சட்டத்தின் முதல் அட்டவணை வீட்டுப் பணியாளர்களை விலக்கி வைத்திருக்கிறது.

அப்படியானால் உரிமையே இல்லையா? இருக்கிறது. தெரியாததால்தான் கேட்பதில்லை.

சம்பளம் மாதத்துக்கு ஒரு முறையாவது கணக்கிடப்பட வேண்டும். மாதம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும். ‘மொத்தமாக ஊருக்குப் போகும்போது தருகிறேன்’ என்று முதலாளி பிடித்து வைப்பதற்கு இடமில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். வேலையை விடவும் நிறுத்தவும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இல்லையென்றால் அந்த நாள்களுக்கான சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். இது இரு பக்கத்துக்கும் பொது. சம்பள பாக்கி இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். பாலியல் தொல்லை பற்றிய சட்டப் பிரிவும், மிரட்டியோ அடைத்து வைத்தோ வேலை வாங்குவதைக் குற்றமாக்கும் புதிய பிரிவும் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். கட்டாய வேலை வாங்கியது நிரூபணமானால் அபராதம் 1 லட்சம் வெள்ளி வரை, அல்லது சிறை 2 ஆண்டு வரை, அல்லது இரண்டும்.

2021 ஜூன் 1 முதல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, வீட்டுப் பணியாளரை அமர்த்தும் ஒவ்வொருவரும் சொக்சோவில் பதிய வேண்டும். வேலை விபத்துத் திட்டத்துக்கு முதலாளியின் பங்கு சம்பளத்தில் 1.25 விழுக்காடுதான். 1,500 வெள்ளி சம்பளத்துக்கு மாதம் 20 வெள்ளியைத் தொடாது. மாடிப்படியில் விழுந்தாலோ, கொதிக்கும் எண்ணெய் கொட்டினாலோ வரும் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தால் இது முதலாளிக்கும் பாதுகாப்பு.

1,500 வெள்ளி எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு 1,500 வெள்ளி என்று பலருக்குத் தெரியும். அது நம் நாட்டுச் சட்டத்தில் எழுதிய தொகை அல்ல. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் இரு நாடுகளும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் வந்தது. அப்போது மனிதவள அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ எம். சரவணன் மலேசியாவின் சார்பில் கையொப்பமிட்டார்.

அந்த நிலைக்கு வர இந்தோனேசியா இரண்டு முறை கதவைச் சாத்த வேண்டியிருந்தது. கொடுமைச் செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்த பிறகு 2009-இல் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. வார ஓய்வு நாள் தர வேண்டும், கடப்பிதழைப் பணிப்பெண்ணே வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் ஒப்புக்கொண்ட பிறகே தடை நீங்கியது. 2022 ஜூலையில், ஒப்புக்கொண்ட ஒற்றை வழியை விட்டு வேறு வழியாக ஆள் எடுப்பதாகச் சொல்லி மீண்டும் நிறுத்தியது. ஆகஸ்டில்தான் திறந்தது.

பிலிப்பைன்ஸ் இதற்கு முன்பே விலை பேசிவிட்டது. வெளிநாடு செல்லும் தன் நாட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 அமெரிக்க டாலருக்குக் குறையக்கூடாது என்று 2006-இல் முடிவு செய்தது. ஆக, இங்கே ஒரே வேலைக்கு நாட்டுக்கு ஒரு சம்பளம் நடக்கிறது. சம்பளத்தைத் தீர்மானிப்பது வேலையோ அனுபவமோ அல்ல. அந்தப் பெண்ணின் அரசாங்கம் எவ்வளவு உரக்கப் பேசியது என்பதுதான். மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்காக அப்படிப் பேச வெளிநாட்டுத் தூதரகம் கிடையாது. அதனால் சில இடங்களில் உள்ளூர்ப் பெண்ணுக்கே உறுதியான அடிமட்டத் தொகை இல்லை என்ற விசித்திர நிலை.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டோடு தங்கும் பணிப்பெண் ஒருவர் காலை ஐந்தரைக்கு எழுந்து இரவு ஒன்பதரைக்கு ஓய்வதாக வைத்துக்கொள்வோம். இடையில் நான்கு மணி நேரம் ஓய்வு என்றே கழிப்போம். நாளுக்கு 12 மணி நேர வேலை. வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுத்தால் மாதம் 26 நாள், மொத்தம் 312 மணி. 1,500 வெள்ளியை இதனால் வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 80 காசு. விடுப்பே இல்லாமல் 30 நாளும் வேலை என்றால் 4 வெள்ளி 16 காசு. கடையில் சாமான் அடுக்குபவருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மணிக்கூலி 8 வெள்ளி 72 காசு.

‘சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நாங்கள்தானே தருகிறோம்’ என்ற பதில் வரும். நியாயமான கேள்வி. அதற்கு மாதம் 600 வெள்ளி என்று மதிப்புப் போட்டுச் சேர்த்தாலும் 2,100 வெள்ளிதான். மணிக்கு 6 வெள்ளி 73 காசு. இன்னும் கடைக்கூலியை எட்டவில்லை. மேலும் அந்தப் பெண் வீட்டோடு தங்குவது முதலாளியின் வசதிக்கும்தான். நள்ளிரவில் பிள்ளை அழுதால் எழுந்து வர ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் தங்கச் சொல்கிறோம்.

பல வீடுகளுக்குப் போய் வரும் உள்ளூர்ப் பெண்ணின் கணக்கு வேறு மாதிரி. மணிக்கு 15 வெள்ளி, நாளுக்கு 8 மணி, மாதம் 22 நாள் என்றால் 2,640 வெள்ளி. பார்க்கக் கடைச் சம்பளத்தைவிட நல்ல தொகை. ஆனால் வீட்டுக்காரர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்த வாரம் வருமானம் இல்லை. காய்ச்சல் வந்தால் இல்லை. தீபாவளிக்கும் இல்லை. போக்குவரத்துச் செலவு சொந்தக் காசு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஊழியர் சேமநிதி. 1,700 வெள்ளி வாங்கும் கடை ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 வெள்ளி, இபிஎஃப் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 2,652 வெள்ளி. இருபது ஆண்டில், லாப ஈவைச் சேர்க்காமலே, 53,040 வெள்ளி. வீட்டுப் பணியாளருக்கு இபிஎஃப் கட்டாயம் இல்லை. முப்பத்தைந்து வயதில் வீட்டு வேலையைத் தொடங்கி ஐம்பத்தைந்தில் முட்டி தேய்ந்து நிறுத்தும் பெண்ணுக்கு இந்த ஐம்பத்து மூவாயிரம் இல்லை. அன்றைக்குக் கையில் இருப்பது பிள்ளைகளின் நல்ல மனசு மட்டும்தான்.

தேவை ஏன் குறையவில்லை?

சம்பளம் குறைவு என்றால் ஆள் தேவையும் குறைவு என்று அர்த்தமில்லை. நாட்டில் வேலை வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பள வேலையில் அல்லது வேலை தேடும் நிலையில் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம் சுருங்கிவிட்டது. பாட்டி ஓர் ஊரில், பேரப்பிள்ளை இன்னோர் ஊரில். முதியோர் எண்ணிக்கை கூடுகிறது. பக்கவாதம் வந்த தகப்பனாரைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் பகலில் ஆள் இல்லை.

இந்தப் பக்கத்தின் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. கணவன், மனைவி இருவரும் நடுத்தரச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு முகவர் கட்டணம், லெவி, மருத்துவச் சோதனை, காப்புறுதி, மாதம் 1,500 எல்லாம் பெரிய பாரம். ஆனால் அந்தப் பாரத்தை ஒரு ஏழைப் பெண்ணின் சம்பளத்தைக் குறைத்து இறக்கி வைக்க முடியாது. தரமான பிள்ளை பராமரிப்பு மையமும், முதியோர் பகல் பராமரிப்பு மையமும் கட்டுப்படியாகும் விலையில் பக்கத்திலேயே கிடைத்தால் பல குடும்பங்களுக்கு முழுநேரப் பணிப்பெண்ணே தேவைப்படாது. கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்காத கோரிக்கை இது.

ஆள் வருவதும் இனி எளிதாக இருக்காது. ஹாங்காங்கில் 2024-இல் பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். நம் பணத்தில் 2,500 வெள்ளிக்கு மேல். வாரம் ஒரு நாள் ஓய்வும் சட்டப்படி உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல் வார ஓய்வு நாள் உண்டு. 2023 முதல் மாதம் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டாமல் கட்டாயம் ஓய்வாகவே கொடுக்க வேண்டும். அங்கெல்லாம் போக வழியுள்ள பெண் இங்கே ஏன் வருவாள்?

ஆயாக்கொட்டகையை மறந்துவிட்டோமா?

பிள்ளை பார்ப்பது வேலை என்று நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் தாய்மார் பிள்ளைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். வயதான ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். துரைமார்கள் இரக்கப்பட்டுச் செய்த காரியம் என்று சொல்வதைவிட, தாய் நிரைக்குப் போகாவிட்டால் பால் வராது என்ற கணக்கு என்று சொல்வதே பொருந்தும். எப்படியோ, பிள்ளையைப் பார்ப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு, அந்தக் கூலிக்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டு என்பதைத் தோட்டம் ஒப்புக்கொண்டது.

நாள் கூலியை மாதச் சம்பளமாக்கக் கேட்டு எத்தனை ஆண்டு போராடினோம் என்பது தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் ஒரே வேலை செய்ததால்தான். வீட்டுப் பணியாளருக்கு அந்த வசதி இல்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர். பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு சம்பளம் என்றுகூடத் தெரியாது. இந்த நிலையிலும் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் அம்போ என்ற அமைப்பையும், இந்தோனேசியப் பணிப்பெண்கள் பெர்திமிக் என்ற அமைப்பையும் இங்கே நடத்தி வருகிறார்கள்.

உலக அளவிலும் இதுதான் கதை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 7 கோடியே 56 லட்சம் வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நால்வரில் மூவர் பெண்கள். அவர்களுக்கான 189-ஆம் எண் ஒப்பந்தம் 2011 ஜூன் 16-இல் ஜெனீவாவில் நிறைவேறியது. மற்றத் தொழிலாளருக்கு உள்ள ஓய்வும் வேலைநேர வரம்பும் இவர்களுக்கும் வேண்டும் என்பதே அதன் சாரம். பிலிப்பைன்ஸ் ஏற்றுக்கொண்டது. மலேசியா இன்னும் ஏற்கவில்லை.

‘தமிழ் பேசும் ஆள் வேண்டும்’

வயதான அம்மாவுக்கு மலாய் சரியாக வராது, நம் சமையல் தெரிந்த ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பெண்ணை வரவழைக்க நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் தவறில்லை. பணிப்பெண்களை எடுக்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. தவறு வழியில் இருக்கிறது.

சுற்றுலா விசாவில் வரவழைத்து வீட்டில் வைத்துக்கொள்வது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். செல்லத்தக்க பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பெண்ணின் நிலை அதைவிட மோசம். சம்பளம் வராவிட்டாலும் அடித்தாலும் போலீசுக்குப் போக முடியாது. போனால் முதலில் பிடிபடுவது தானாகவே இருக்கும் என்ற பயம். இந்தியாவில் குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடப்பிதழ் வைத்திருக்கும் பெண், 30 வயது ஆகாமல் இப்படிப்பட்ட வேலைக்கு மலேசியா வர இந்திய அரசு அனுமதிப்பதில்லை. ஊரில் ஏஜெண்டு ஒருவர் ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால், இந்த விதியைத் தாண்டத்தான் பார்க்கிறார் என்று சந்தேகப்பட வேண்டும். தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்கள் இதை அவர்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

மரியாதை என்றால் என்ன?

மலாய்க்காரர்கள் பேச்சுவழக்கில் பணிப்பெண்ணை ‘ஓராங் காஜி’ என்பார்கள். நேர்ப்பொருள் சம்பள ஆள். நாம் ‘வேலைக்காரி’ என்கிறோம். கொஞ்சம் அன்பு கூடினால் ‘எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி’ என்போம். கேட்க இதமாக இருக்கும் இந்தச் சொல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. குடும்பத்தில் ஒருத்தி என்றால் ஓய்வு நாள் கேட்கக் கூடாது. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் முகம் சுளிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு விருந்தாளி வந்தால் அடுப்பு மூட்ட வேண்டும். ஆனால் குடும்பப் படத்தில் நிற்க அழைப்பு வராது.

பெற்றவள் அல்லாத, வளர்த்தவளைச் சங்க இலக்கியம் ‘செவிலித்தாய்’ என்றது. பிள்ளையை வளர்ப்பவளுக்குத் ‘தாய்’ என்ற சொல்லைக் கொடுத்த மொழி நம்முடையது. அதே மொழி பேசும் வீடுகளில் தனித் தட்டு, தனி டம்ளர் பழக்கம் இன்னும் சில இடங்களில் தொடர்வதைச் சொல்லாமல் விட முடியாது. லயத்தில் அனுபவித்த அவமானத்தைத் தாமானில் இன்னொருவருக்குக் கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரியாதை குறைந்த வீட்டில் கொடுமைக்கு வழி திறக்கிறது. 2018 பிப்ரவரியில் பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்ட அடெலினா என்ற இந்தோனேசியப் பெண் மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். முதலாளி மீதான கொலைக் குற்றச்சாட்டு விசாரணை முடியாமலே மீட்டுக்கொள்ளப்பட்டது. விடுதலையை 2022-இல் கூட்டரசு நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. பூட்டிய கேட்டுக்குள் நடப்பதைக் கேட்டுச் சொல்லக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே என்ற பாடம் அதில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் பணியாளர் வைத்திருப்பவர்களுக்கு:

1. வேலை என்ன, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி கொடுங்கள்.

2. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். அன்று அவர் எங்கே போகிறார் என்பது அவர் விஷயம்.

3. கடப்பிதழை உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

4. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். பின்னாளில் தகராறு வந்தால் உங்களுக்கும் அதுவே சாட்சி.

5. சொக்சோவில் பதியுங்கள். உள்ளூர்ப் பெண் என்றால் இபிஎஃப் கட்டுவது பற்றியும் பேசுங்கள். தீபாவளிச் சேலை சம்பள உயர்வுக்கு ஈடல்ல.

வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு: எந்த வீட்டுக்கு எந்த நாள் எத்தனை மணி நேரம் போனீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கும் நிலை வந்தால் அந்த நோட்டு பேசும். பல வீடுகளில் வேலை செய்பவர்கள் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர முடியுமா என்று அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். இபிஎஃப்-இல் ஐ-சாரான் திட்டம் நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கானது. 2025 முதல், நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. மாதம் 50 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 600. அரசாங்கத்தின் பங்கு 120.

குறைந்தபட்சச் சம்பளத்திலும் ஓய்வு நாள் விதியிலும் வீட்டுப் பணியாளரைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை. தொகுதி மக்கள் பிரதிநிதி அடுத்த முறை நம் கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ வரும்போது, மாலை போட்டுப் படம் எடுப்பதோடு இதையும் கேட்கலாம். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், முழுதாக, கேட்க வைக்காமல் கொடுப்பது.